மூன்றாவது நடை

மணிமுத்துவுக்கு மாடிகள் பழக்கமில்லை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வீடு, பிறகு கட்டிக்கொண்ட வீடு, விவரம் தெரிந்த நாளிலிருந்து வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி எல்லாமே தரையோடு தரையாக இருந்தவை. பட்டாசுக் கம்பெனியில் மாடி எழுப்ப மாட்டார்கள். தனித்தனி அறைகளாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வேப்பமரங்களை விட்டுக் கட்டியிருப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே வாசல் இருக்கும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஏதாவது ஒன்று என்றால், உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து ரெண்டு எட்டு வைத்ததும் வெட்டவெளியில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அவருக்கு வெடிமருந்து கலக்குகிற வேலை. வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடித்துவிட வேண்டும். அந்த வேலைக்கு மூக்கும் காலும் சரியாக இருந்தால் போதும் என்பார். வாடை மாறினால் யோசிக்கக் கூடாது, ஓடிவிட வேண்டும். என்னவென்று எட்டிப் பார்க்க நின்றவர்களையும், தூக்குவாளியை எடுக்கத் திரும்பியவர்களையும் அவருக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய எழவுக்குப் போய் வந்திருக்கிறார். கம்பெனியில் விபத்து நடந்த ஒவ்வொரு தடவையும் முதலில் வெளியே வந்தவர் மணிமுத்துதான். வருகிற வழியில் கையில் அகப்பட்டவர்களையும் இழுத்துக்கொண்டே வருவார். அப்படி இழுபட்டுப் பிழைத்தவர்கள் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள்.

அவருடைய மனைவி சண்முகத்தாய்க்கு இதிலெல்லாம் கேலிதான். அவளும் அதே கம்பெனியில் வேறு அறையில் வேலை பார்த்தாள். "பொண்டாட்டி கூப்பிட்டா ஒருநா இம்புட்டு வேகமா வந்திருப்பீகளா?" என்பாள். வாய் ஓயாத பொம்பளை. அவள் பேசப் பேச மணிமுத்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களுடைய குடித்தனம் அப்படியேதான் நடந்தது. ஒரே மகள் வேல்விழி, சாத்தூரில் காலேஜில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆனி மாதம் ஃபேன்சி ரகத்துக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள்ளே வைக்கிற மணி மருந்தை மேடையில் காய வைத்திருந்தார்கள். சண்முகத்தாய் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது எது எதோடு உரசியதோ, சத்தத்துக்கு முன்னால் வெளிச்சம் வந்தது. மணிமுத்து தன் அறையிலிருந்து வெட்டவெளிக்கு ஓடியவர், அவள் அறைப் பக்கம் புகையைப் பார்த்ததும் அப்படியே திரும்பி அங்கே ஓடினார். சேலையில் தீயோடு வாசலுக்கு வந்து விழுந்தவளை ஈரச் சாக்கில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் அந்த அறை இல்லாமல் போனது.

முதுகும் இடது தோளும் வெந்துபோயிருந்தன. "அந்த நிமிஷம் தூக்காம விட்டிருந்தா ஆள் இல்லை" என்று டாக்டரே சொன்னார். மணிமுத்து அதை மறக்கவில்லை.

விருதுநகரில் நாற்கரச் சாலை ஓரமாகப் புதிதாக எழுந்திருந்த எட்டு மாடி ஆஸ்பத்திரியில் சண்முகத்தாயைச் சேர்த்திருந்தார்கள். தீக்காயத்துக்கான பெண்கள் வார்டு ஆறாவது மாடியில் இருந்தது. ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் தண்டவாளமும் அதற்கு அப்பால் கரிசல் காடும் தெரிந்தன. அவ்வளவு உயரத்தில் மணிமுத்து அதுவரை நின்றதில்லை. முதல் நாள் ஜன்னலருகில் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

லிஃப்டிலும் அவர் ஏறவில்லை. மூடிய பெட்டிக்குள் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு இருந்தது: 'தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள். படிக்கட்டில் இறங்கவும்.' அதைப் படித்தபோது, இதை எழுதியவன் விவரமான ஆள் என்று தோன்றியது அவருக்கு. தினமும் படியேறியே வார்டுக்கு வந்தார். மூச்சிரைக்க வந்து நிற்கிறவரைக் குப்புறப் படுத்திருந்தபடியே சண்முகத்தாய் தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

"இன்னைக்கும் நடந்தாக்கும்? லிஃப்டுக்குப் பயந்த ஆம்பளையை இங்கனதான் பாக்கேன்."

"பயமெல்லாம் இல்ல சண்முகம். காலு மரத்துப் போகக் கூடாதுல்ல."

பக்கத்துக் கட்டிலில் சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸில் கால் வெந்துபோன ராமுத்தாய் படுத்திருந்தாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "அண்ணனுக்கு ஒருநா நாம ரெண்டு பேரும் லிஃப்டு ஓட்டிக் காமிப்போம் மதினி" என்பாள்.

சண்முகத்தாய் தேறி வந்தாள். தொடையிலிருந்து தோலெடுத்து முதுகில் ஒட்டியிருந்தார்கள். அது பிடித்துவிட்டால் பிறகு பயமில்லை என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கவும் ஆரம்பித்திருந்தது. வார்டு நர்ஸ் நசிமா கட்டு மாற்றும்போது, "ஒட்டுன தோலு நாத்து மாதிரிக்கா. வேர் விடுற வரைக்கும் அசையக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே செய்வாள். விருதுநகர் டவுன்காரப் பெண், கை மிகவும் மெதுவாக இருக்கும். அவள் டியூட்டி என்றால் மணிமுத்துவுக்கு நிம்மதி.

ஒருநாள் பிற்பகல். பார்வையாளர் நேரம். வேல்விழி கீழே டீ வாங்கப் போயிருந்தாள். மணிமுத்து மனைவிக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"என்ன?" என்றாள் சண்முகத்தாய்.

"வாடை வருது."

வயர் கருகுகிற வாடை. வேறு யாருக்கும் இன்னும் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் அணைந்து மங்கலாக மறுபடி எரிந்தன. எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது. கூரையிலிருந்த காற்றுத் துவாரம் வழியாக நூல் போலப் புகை வந்தது. நடக்க முடிந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் கூச்சலோடு படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள்.

நசிமா வார்டின் நடுவில் வந்து நின்று கத்தினாள். "நடக்க முடிஞ்சவங்க படியில இறங்குங்க. படுத்திருக்கவங்களை யாரும் தூக்காதீங்க! கட்டிலோட லிஃப்ட்ல இறக்குவோம். பின்னால பெரிய லிஃப்ட் இருக்கு. ஒரு நடைக்கு ரெண்டு கட்டில் போகும். எல்லாரையும் இறக்கிரலாம், பதறாதீங்க!"

அவளும் இரண்டு வார்டு பையன்களும் கட்டில்களைத் தள்ளத் தொடங்கினார்கள். நர்ஸ் அறைக்குப் பின்னால் கனமான கதவு ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மணிமுத்து ஒருநாளும் பார்த்ததில்லை. முதலில் மூச்சுக் குழாய் போட்டிருந்த இரண்டு பேர் போனார்கள். ராமுத்தாயையும் சண்முகத்தாயையும் மூன்றாவது நடையில் கொண்டுபோவதாக நசிமா கையைக் காட்டிச் சொன்னாள்.

"லிஃப்டுலயா?" என்றார் மணிமுத்து. "தீப்பிடிச்சா லிஃப்டுல போகக் கூடாதுன்னு நீங்கதானம்மா எழுதிப் போட்டிருக்கீக!"

"அது முன்னால உள்ள லிஃப்டுண்ணே. இது வேற. கொஞ்சம் பொறுங்க, வந்திருறேன்." கதவுக்குள் மறைந்துவிட்டாள்.

கொஞ்சம் பொறுங்க. அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொறுத்தவர்கள் யாரும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. புகை இப்போது கூரையை ஒட்டிப் படர்ந்திருந்தது. ராமுத்தாய்க்குத் துணையாக வந்திருந்த அவள் தங்கச்சி கட்டில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஓட வேண்டிய மணிமுத்துவின் கால்கள் நின்றுகொண்டிருந்தன.

"வா சண்முகம்."

"ஏங்க, அந்தப் பிள்ளைதான் சொல்லுதுல்ல. இருங்களேன்."

"இருந்தா செத்துருவோம்."

அவளைப் புரட்டிப் போர்வையோடு அள்ளினார். முதுகுக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை. "அண்ணே, வேண்டாம்ணே" என்று ராமுத்தாய் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்.

படியில் கூட்டம் நெரிந்தது. மேல் மாடிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முழங்கை அவள் தோளில் இடித்தது. திருப்பத்தில் சுவரில் உரசியது. கீழே போகப் போகப் புகை கூடத்தான் செய்தது. அவள் வழுக்கிவிடக் கூடாதென்று மணிமுத்து கையை இறுக்கினார். இறுக்கிய கையில் ஈரம் பட்டது. வேர்வை என்று நினைத்தார். சண்முகத்தாய் கத்தவில்லை. அவர் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில், சிமெண்டுத் தரையில் அவளை இறக்கினார். டீத் தூக்குவாளியோடு ஓடிவந்த வேல்விழி அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மணிமுத்து தன் வலது கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் ரத்தம். கட்டுத் துணி கழன்று தொங்கியது. அதோடு ஒட்டியிருந்தது துணி இல்லை என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது.

அப்போது கட்டிடத்தின் பக்கவாட்டில் அகலமான கதவு ஒன்று திறந்தது. கட்டில்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. குளுக்கோஸ் பாட்டில் கம்பியில் ஆடிக்கொண்டே வந்தது. போர்வை கூட விலகாமல் ராமுத்தாய் வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. கடைசியாக வந்த நசிமா கூட்டத்தில் கண்ணை ஓட்டித் தேடினாள். தரையில் கிடந்த சண்முகத்தாயைப் பார்த்ததும், "யா அல்லா" என்று ஓடிவந்து மண்டியிட்டாள்.

இரண்டாவது மாடியில் மின்கம்பிகள் போகிற குழாயில் பிடித்த தீ அது. தீயணைப்பு வண்டி வந்து சீக்கிரமே அணைத்துவிட்டது. ஆறாவது மாடிக்கு அது வரவே இல்லை. வந்ததெல்லாம் புகைதான். யாருக்கும் பெரிய சேதமில்லை என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள்.

ஒட்டிய தோல் எல்லாம் போய்விட்டது. பச்சைப் புண்ணில் தரைத் தூசி பட்டிருந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். எந்த ஊசிக்கும் அது அடங்கவில்லை.

கடைசி நாட்களில் ஒருநாள் சண்முகத்தாய்க்கு நினைவு தெளிவாக இருந்தது. மணிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கையை மடியில் மறைத்து வைத்திருந்ததை அவள் கவனித்தாள்.

"கையைக் குடுங்க."

கொடுக்கவில்லை.

"குடுங்கன்னா." பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. "கல்யாணத்தன்னைக்குக் கூட என்னையத் தூக்கல. ஆறு மாடி தூக்கிட்டு வந்தீகளே. ஊர்ல போயி எல்லார்ட்டயும் சொல்லணும்."

அவர் அழுதார்.

"ஏலே, அழாத" என்றாள். சின்ன வயதில், கல்யாணத்துக்கு முன்னால் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். மறுநாள் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள் போய்விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து வந்த பிறகு வேல்விழி ஒரே ஒரு தடவை கேட்டாள். "ராமுத்தாய் அத்தையோட தங்கச்சி பொறுத்து இருந்தாகள்லப்பா. நீங்க ஏன் இருக்கல?" அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், காலேஜுக்குப் போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

காரியம் முடிந்த பிறகு நசிமா வீட்டுக்கு வந்தாள், தன் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

"அந்த லிஃப்டு என்னம்மா?" என்று மணிமுத்து கேட்டார்.

அவள் சொன்னாள். முன்னால் இருப்பது சாதாரண லிஃப்ட். கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடும், புகையும் உள்ளே புகுந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் போர்டு. பின்னால் இருப்பது கட்டில் லிஃப்ட். அதற்குத் தனியாக ஜெனரேட்டர் லைன். அதன் முன்னால் இருக்கிற சிறிய அறையின் கதவு தீயைக் கொஞ்ச நேரம் தாங்கும். காற்றை உள்ளே தள்ளுகிற விசிறி இருப்பதால் புகை அந்த அறைக்குள் வராது. சாவி ஆஸ்பத்திரி ஆட்களிடம் இருக்கும். நடக்க முடியாதவர்களைத் தீ நேரத்தில் இறக்குவதற்கென்றே வைத்தது.

"அந்தக் கதவுக்கு உள்ள வந்துட்டாலே போதும்ணே. அங்கன நின்னு காத்திருக்கலாம்."

"இதை ஏம்மா யாருமே சொல்லல?"

நசிமா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலைண்ணே. அக்கா முதுகை அத்தனை நாள் தொட்டுத் துடைச்சேன். அந்தக் கதவைத் திறந்து ஒருநாள் உங்களுக்குக் காமிச்சிருக்கலாம்." அவள் அழுததைப் பார்த்து வேல்விழி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த லிஃப்டில் ஒருமுறை போக வேண்டும் என்றார் மணிமுத்து. நசிமா யாரிடமோ பேசி ஏற்பாடு செய்தாள். அவர் வாழ்க்கையில் ஏறிய முதல் லிஃப்ட் அதுதான். வீட்டுக் கூடம் அளவுக்கு அகலமாக இருந்தது. இரண்டு கட்டில்கள் தாராளமாக நிற்கும். ஆறாவது மாடியில் கதவு மூடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அசைவே தெரியவில்லை. சாத்துக்குடி ஒரு சுளை தின்று முடிப்பதற்குள் கீழே கதவு திறந்தது. வெளியில் வெயிலில் நின்று, "இம்புட்டுதானா?" என்று கேட்டார்.

பிறகு கம்பெனிக்குத் திரும்பினார். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மருந்து ரூமில் வாடை மாறியது. மற்றவர்கள் துள்ளி வெளியே ஓடினார்கள். மணிமுத்து சல்லடையைக் கையில் பிடித்தபடி நின்றார். ஓடுவதா, இருப்பதா? ஊர்க்காவலன் என்கிற ஃபோர்மேன் திரும்பி வந்து அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நல்ல வேளை, அன்று ஒன்றும் வெடிக்கவில்லை.

"நீங்க என்னைய ரெண்டு தடவ வெளிய இழுத்துப் போட்டவரு" என்றான் ஊர்க்காவலன். அவனுக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. "நிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு மருந்து ரூம் நடத்த முடியாதுண்ணே. கோவிச்சுக்காதீக."

அவருக்குக் கோபமில்லை. அவன் சொன்னது சரிதான் என்று தெரியும். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பேப்பர் பண்டல் இறக்குகிற வேலைக்குப் போனார். அங்கே வாடையெல்லாம் மையும் பசையும்தான். அந்த வாடைக்கு ஓட வேண்டியதில்லை.

தை மாதம் ஊர்க்காவலனின் மச்சினிக்குக் கையில் தீக்காயம். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவன் பஸ் ஸ்டாப்பில் மணிமுத்துவைப் பார்த்தான். "அங்கன ஒரு நர்ஸம்மா, சேர்த்த அன்னைக்கே எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போயி பெரிய லிஃப்டைக் காமிச்சுச்சு. தீப்பிடிச்சா யாரும் தூக்கிட்டு ஓடாதீக, இந்தக் கதவுக்குள்ள வந்து நில்லுங்கன்னு சொல்லுச்சு. ஒரு அண்ணன் பாசத்துல தூக்கிட்டுப் போயி பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டாருன்னு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "பேரு சொல்லலண்ணே. பேரு சொல்லவே இல்ல."

மணிமுத்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வேல்விழி தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சோறு ஆறியது. அவள் போகாமல் நின்றாள். ஊர்க்காவலன் சொன்னதை அவர் மெதுவாகச் சொன்னார். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த லிஃப்டு அன்னைக்குப் பாதியில நின்னிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

அவர் தலையை நிமிர்த்தினார்.

"அம்மாவத் தூக்காம விட்டுட்டீகளேன்னு கேட்டிருப்பேன். அதுக்கும் உங்க கூடப் பேசியிருக்க மாட்டேன். எனக்கு யார் மேலயாவது கோவப்படணும்பா. நீங்கதான் பக்கத்துல இருந்தீக."

"நீ இப்படிச் சொல்லிட்டா சரியாயிருமா தாயி?"

"சரியாகாதுப்பா" என்றாள் வேல்விழி. "சாப்பிடுங்க."

தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். வலது கையில் முதல் கவளத்தை எடுத்தவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். அவளும் ஒரு தட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.